குற்றம் செய்தது இறால், மாட்டிக்கொண்டது வெட்டிவேர்

கூடுவாஞ்சேரி,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சங்கரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, தையல் மெஷின், மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி எல்லோரும் சௌக்கியம். கிரைண்டர் மட்டும் கொஞ்சம் முனகுகிறது, அதற்கும் என்னைப்போல இடுப்பில்தான் கோளாறு என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனான். நீ அங்கே சௌக்கியம் என்பதை வாட்ஸப்பில் உன் பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்று வருவதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். ஊருக்கெல்லாம் ஆன்லைனில் இருக்கிறாய், நான் கூப்பிட்டால் மட்டும் அந்தப் போனுக்குக் காது கேட்கமாட்டேன் என்கிறது. அதனால்தான் தபாலில் வருகிறேன். நான் கடைசியாக எழுதிய கடிதம் உன் பள்ளிக்கூடத்துக்கு, காய்ச்சல் காரணமாக என் மகள் வர இயலாது என்று, அதில் காய்ச்சல் பொய். இதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே மேஜைமேல் உன்னைப் பார்த்துக்கொண்டே கிடக்கும், எவ்வளவு நேரம் தாங்குவாய் பார்க்கலாம். கவரைப் பிரித்ததும் முடிக்கற்றை மாதிரி ஒன்று விழுந்திருக்கும். பயப்படாதே, அது என் தலைமுடி இல்லை, அவ்வளவு அடர்த்தி என் தலையில் இப்போது ஏது. வெட்டிவேர்தான். தூக்கிப் போட்டுவிடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. சித்திரையில் ரோஹித் வீட்டுக்குப் பேசி முடிக்கப் போனோம், நல்லபடியாகப் பேசியும் முடித்தோம், தலைவாழை இலையும் போட்டாயிற்று, அந்த நேரம் பார்த்து நான் கை நனைக்காமல் எழுந்து ஓடிவந்துவிட்டேன். பேச்சு முடிவதற்கு முன்னால் பெண் வீட்டார் அங்கே சாப்பிட்டால் தப்பு, முடிந்த பிறகு சாப்பிடாமல் எழுந்தால் அதைவிடப் பெரிய தப்பு. இந்த சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம் என்று வாயால் சொல்லக்கூடத் தேவையில்லை, இலையை விட்டு எழுந்தால் போதும், ஊரே புரிந்துகொள்ளும். ரோஹித்தின் அப்பாவும் அப்படித்தான் புரிந்துகொண்டார், வெளிநாட்டில் பெர்கன் ஊர் மழைக்கு நடுவே உட்கார்ந்திருந்த ரோஹித்தும் நீயும் அப்படித்தான். எனக்கு வெட்டிவேர் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் சொன்னதற்கு, சாமிக்கு மாலையா போடுற பொருளுக்கு யாராச்சும் வாந்தி எடுப்பாங்களாம்மா, ரோஹித்தைப் புடிக்கலன்னா நேரா சொல்லேன் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. நானும் அதற்கு முன்னால் சும்மா இருந்தவள் இல்லைதான். கடலோரத்தில் பெண்ணைக் கொடுத்தால் உப்புக்காற்றில் நகையெல்லாம் கறுத்துப்போகும் என்றேன், மணலில் நடந்து நடந்து உனக்குக் கால் அகலமாகிவிடும் என்றேன். அவையெல்லாம் வாய் சும்மா இருக்காமல் சொன்னவை. வாந்தி மட்டும்தான் நிஜம்.

அந்த வாந்தியின் பூர்வீகத்தை உனக்கு இதுவரை முழுதாகச் சொன்னதில்லை, சொன்னால் என் மானம் போகும் என்பதால். நீ அங்கே போன புதிதில் அப்பாவின் கம்பெனியில் குடும்பத்தோடு மாமல்லபுரம் டூர் கூட்டிப்போனார்கள். மறைமலைநகரில் தினமும் ஆட்களை ஏற்றி இறக்குகிற அதே கம்பெனி பஸ்தான், அன்றைக்கு மட்டும் முன்னால் பலூன் கட்டியிருந்தது. கடற்கரையோரக் கடை ஒன்றில் இறால் வறுவல் போட்டுக்கொண்டிருந்தான். காலையிலிருந்து வெயிலில் கிடந்த இறால் என்று அதன் முகத்திலேயே எழுதியிருந்தது, எனக்குத்தான் படிக்கத் தோன்றவில்லை. அப்பா வேண்டாம் என்றார், அவர் பங்கையும் சேர்த்துத் தின்றேன். பிறகு தாகம். பக்கத்து வண்டியில் பச்சை நிறத்தில் வெட்டிவேர் சர்பத் விற்றான். அதுவரை வெட்டிவேரைச் சாமி கழுத்தில்தான் பார்த்திருக்கிறேன், வயிற்றுக்குள் விட்டதில்லை. சில்லென்று இருந்ததால் ஒன்றுக்கு இரண்டாகக் குடித்தேன். பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டுகிற நேரத்தில் வயிற்றுக்குள் யாரோ மாவாட்ட ஆரம்பித்தார்கள். ஜன்னலோரம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், எனக்கு மறுபக்கம் மேனேஜர் ஜெயக்குமாரின் மனைவி. எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிக்க அவகாசம் இல்லை. அந்த அம்மாளின் மடியில் பட்டுப்புடவை, அதற்கு ரவிக்கை தைத்தது நான். செங்கல்பட்டு வந்து சேர்வதற்குள் புடவைக்கும் ரவிக்கைக்கும் வித்தியாசம் தெரியாமல் செய்துவிட்டேன். அந்த அம்மாள் ரொம்ப நல்லவள், பரவாயில்லீங்க என்று சொன்னாள். அதற்குப் பிறகு ரவிக்கை மட்டும் வேறு கடையில் தைத்துக்கொள்கிறாள்.

வேடிக்கை என்ன தெரியுமா, குற்றம் செய்தது இறால். ஆனால் அடுத்த வாரமே புதுப்பட்டினத்து மார்க்கெட்டிலிருந்து வந்த இறாலில் தொக்கு வைத்து ரசித்துச் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. வெட்டிவேர் மட்டும் மாட்டிக்கொண்டது. சோப்பில் அந்த வாசனை வந்தாலும் சரி, கோயிலில் மாலை தொங்கினாலும் சரி, எனக்கு அந்த பஸ்ஸும் அந்தப் பட்டுப்புடவையும் நினைவுக்கு வந்து அடிவயிறு சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடும். பெருமாளைக்கூட வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். இதெல்லாம் ஒரு விஷயமா, வெட்டிவேர் இல்லாமல் மனுஷி உயிர் வாழ முடியாதா என்று விட்டுவிட்டேன். நீ போயும் போயும் வெட்டிவேர் பயிர் வைக்கிற வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பாய் என்று யார் கண்டது. மணல்கொல்லையில் தோட்டம் என்றாய், நான் முந்திரி, சவுக்கு என்று நினைத்துக்கொண்டேன். நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சித்திரை வெயிலில் அந்த வீட்டு வாசலில் இறங்கும்போதே காற்று சரியில்லை. ரோஹித் அப்பா பக்தவச்சலம் வாசலுக்கே வந்து, வாங்க வாங்க என்று அப்பாவுக்கும் எனக்கும் ஆளுக்கொரு வெட்டிவேர் மாலை போட்டார், சொந்தக் கொல்லையில் விளைந்ததாம். உள்ளே போனால் ஜன்னலுக்கெல்லாம் வெட்டிவேர்த் தட்டி, அதில் தண்ணீர் தெளித்து ஜில்லென்று வைத்திருக்கிறார்கள். உட்காரப் பாய், சாய்ந்துகொள்ளத் தலையணை, எல்லாம் அதேதான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசி முடித்தேன், என்னைப் பேசாத அடக்கமான பொம்பளை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள், என் வாழ்க்கையில் அப்படி ஒரு பெயர் எனக்குக் கிடைத்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். இலை போட்டார்கள். பானையிலிருந்து தம்ளரில் தண்ணீர் வந்தது, அடியில் வேர் கிடந்தது. அவ்வளவுதான். என் முகம் போன போக்கைப் பார்த்து, வெயில் தாங்காமல் எனக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்து ரோஹித் அம்மா ஞானம்பாள் ஓடிவந்தார்கள். சம்பந்திமா, கண்ண மூடிக்கோங்க, இப்ப சரியாப்பூடும் என்று சொல்லி அந்தப் பானைத் தண்ணீரையே என் முகத்தில் அடித்து, வெட்டிவேர் விசிறியை நனைத்து என் மூக்குக்கு நேராக வீசினார்கள் பார், அதற்கு மேல் தாங்குகிற வயிறு எந்தத் தாய்க்கும் கிடையாது. ஓடினேன். கிணற்றடி தாண்டி, மாட்டுக்கொட்டகை தாண்டி, வாடகைக் காருக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

உன் அப்பாவாவது வந்து விளக்கம் சொல்லியிருக்கலாம். அவர் வரவில்லை. இலையில் நண்டு வைத்துவிட்டார்கள். நான் ஓடியபோது அவர் கை ஏற்கெனவே நனைந்துவிட்டதாம், நனைந்த கையோடு எழுந்தால் மரியாதையில்லையாம், அதனால் நண்டை முடித்து, ரசம் வாங்கி, மோருக்கும் கை நீட்டிவிட்டுத்தான் வந்தார். இதனால் அந்தத் தெருவில் எப்படிப் பேச்சு கிளம்பியது தெரியுமா, பெண்ணோட அப்பாவுக்குச் சம்மதம், அம்மாவுக்குச் சம்மதமில்லை, பாதிக் கல்யாணம்தான் முடிஞ்சிகீது என்று. நான் கேட்டால், நான் கை நனைச்சதாலதான் பாதியாவது நிக்குது, இல்லன்னா மொத்தமும் பூடும் என்கிறார். இருபத்தெட்டு வருஷமாக இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறேன், நீயே யோசித்துக்கொள்.

நீ போனை எடுக்காமல் போன பிறகு எனக்கு மெஷினில் உட்காரவே பிடிக்கவில்லை. பக்கத்துத் தெரு ரூத்தின் சுடிதாருக்குக் கழுத்தை முதுகில் வெட்டிவிட்டேன். அவள் புற்றுநோய் வார்டில் நர்ஸ் என்பது உனக்குத் தெரியும். சுடிதாரைப் பார்த்துவிட்டு, இன்னா துர்கா, எனக்கு முதுகுலயா தலை கீது என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே இறாலில் ஆரம்பித்து நண்டு வரைக்கும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை சங்கரி. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் அதுவரை சொன்ன இடமெல்லாம் சிரித்தார்கள். எங்க வார்டுல இது தினப்படி நடக்குறது என்றாள். மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி புதுசா ஓட்ஸ் கஞ்சி குடிச்சுட்டு வருவாங்க, மருந்துல வாந்தி வரும், அதோட அந்தக் கஞ்சிய எங்க பாத்தாலும் ஓடுவாங்க, கஞ்சி இன்னா பண்ணுச்சு பாவம், நம்ம வயிறு போலீஸ்காரன் மாதிரி, திருட்டுப் போனா ஊருக்குப் புதுசா எவன் வந்தானோ அவனத்தான் புடிக்கும், இறால் உனக்குப் பழகின ஆளு, வெட்டிவேர் அன்னிக்குத்தான் வந்து எறங்குச்சு, உள்ள தூக்கிப் போட்டுடுச்சு என்றாள். எனக்கு அப்படியே கண் திறந்தது. அப்ப ஜாமீன் எடுக்க முடியாதா என்று கேட்டேன். முடியும், ஆனா வயித்த அதட்டி வழிக்குக் கொண்டுவர முடியாது, தூரத்துல வெச்சு, நாளாக நாளாக் கிட்ட கொண்டாரணும், அப்பல்லாம் உனக்கு ரொம்பப் புடிச்சது எதுனா துன்னுகினு நிம்மதியா இருக்கணும், குமட்டுனா உடனே பின்னால போய்டணும், உனக்கு ரொம்பப் புடிச்சது இன்னா சொல்லு என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அப்பா குரல் வந்தது, மொளகா பஜ்ஜி என்று. கல்யாண நாள் நினைவில் இருக்காது, இது மட்டும் இருக்கும்.

சம்பந்தி வீட்டில் அப்பாவுக்குப் போட்ட மாலை இருந்தது அல்லவா, அதை அவர் கேரிபேக்கில் சுற்றி மொட்டைமாடித் தொட்டிக்குப் பின்னால் எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தார். அதை வைத்தே வைத்தியம் ஆரம்பித்தோம். அப்பா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிவருவார். நான் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு தின்ன வேண்டும். அவர் ஒட்டடைக்கோலின் நுனியில் மாலையைக் கட்டி, கேட்டுக்கு வெளியே நின்று நீட்ட வேண்டும். எனக்குக் குமட்டாவிட்டால் ஒரு அடி உள்ளே வருவார், குமட்டினால் நான் கையைத் தூக்குவேன், அவர் பின்னால் போவார். முதல் நாட்களில் தெருமுனை வரைக்கும் பின்னால் போயிருக்கிறார். ஒருநாள் நான் பஜ்ஜி காரமாக இருக்கிறதே என்று கையை உதறினேன், அவர் அதைப் பார்த்துவிட்டுப் பின்னால் போய்க்கொண்டே இருந்தார், நான் தின்று முடித்துக் கண்ணைத் திறந்து பார்த்தால் ஆளைக் காணோம், டீக்கடையில் கோலோடு நிற்கிறார்.

இதையெல்லாம் எதிர்வீட்டு பார்வதம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு பொம்பளை கண்ணை மூடி உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருக்கிறாள், அவள் புருஷன் நீளமான குச்சியில் முடிக்கற்றையைக் கட்டிக்கொண்டு மெல்ல மெல்ல அவளை நோக்கிப் போகிறான், அவள் கையைத் தூக்கினால் பின்வாங்குகிறான். நீ பார்த்திருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பாய். துர்கா பொண்ணு கல்யாணம் நின்னுப்போச்சு, சம்பந்தி வூட்டுக்காரங்க செய்வினை வெச்சுட்டாங்க, சாமி வந்து ஆடிகினு கீறா என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். தைக்கக் கொடுத்த ரவிக்கைகளை ஒருத்தி வந்து, அப்பறம் தச்சுக்கலாம்கா என்று திரும்ப வாங்கிக்கொண்டு போனாள், இன்னொருத்தி தெருவிலேயே நின்றுகொண்டு ஆளை உள்ளே அனுப்பி வாங்கினாள். கடைசியில் பார்வதமே ஒரு பூசாரியைக் கூட்டிவந்துவிட்டாள், நல்ல மனசுதான், செலவும் அவளுடையது. அவர் உடுக்கையும் எலுமிச்சம்பழமுமாக வந்து, கோலின் நுனியில் இருந்ததை எட்டி முகர்ந்து பார்த்தார், இன்னாம்மா இது, வெட்டிவேரு, இதுக்கா என்னை ஊரபாக்கத்துலருந்து வரவெச்ச என்று பார்வதத்தைக் கேட்டார். பார்வதம் விடவில்லை, வெட்டிவேருலயே வெச்சிருப்பாங்க சாமி என்றாள். வந்ததற்கு அவர் வீட்டைச் சுற்றி எலுமிச்சம்பழம் உருட்டிவிட்டு, தட்டில் மிச்சமிருந்த பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனார். அன்றைக்குக் கோல் கூடத்துக்குள்ளே இரண்டு அடி கூடுதலாக வந்தது என்பது உண்மை. அதற்குக் காரணம் எலுமிச்சம்பழம்தான் என்று பார்வதம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நானும் மறுக்கவில்லை, ரவிக்கைகள் திரும்ப வந்துவிட்டன.

நடுவில் ஒரு சறுக்கல். வைத்தியம் நன்றாகப் போகிறதே என்று அப்பாவுக்கு அவசரம். ஒருநாள் மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தபோது, தூக்கத்தில் பழகட்டும் என்று என் தலையணை உறைக்குள் ஒரு கொத்தைச் செருகிவிட்டார். கனவில் ஜெயக்குமார் மனைவி வந்தாள். எழுந்து ஓடினேன், மறுபடியும் கோல் கேட்டுக்கு வெளியே போய்விட்டது, எல்லாம் முதலிலிருந்து. ரூத் வந்து அப்பாவைத் திட்டினாள் பார், அந்தத் திட்டை நான் கடிதத்தில் எழுத முடியாது. என்னையும் விடவில்லை. நீ பஜ்ஜிய அளவோட துன்னு துர்கா, வயிறு முட்டத் துன்னு அதுல வாந்தி வந்துச்சுன்னு வை, அப்பறம் பஜ்ஜியும் உள்ள போய்டும், அத வெளிய எடுக்க நான் எத வெச்சு வைத்தியம் பண்றது என்று மிரட்டினாள். சங்கரி, அன்றைக்குத்தான் நான் நிஜமாகப் பயந்தேன். அதற்குப் பிறகு அளவோடு தின்றேன், அதாவது அப்பா எண்ணி வைப்பார், நான் அவருக்குத் தெரியாமல் ஒன்று எடுப்பேன்.

ஆடி பிறக்கும்போது மாலை என் மடிக்கு வந்துவிட்டது. ஆடிக் கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரே ஒரு வேரைப் போட்டு, ரூத் வாளியோடு நிற்க, அப்பா துண்டோடு நிற்க, பார்வதம் ஜன்னலில் நிற்க, ஒரு வாய் குடித்தேன். வயிறு கொஞ்சம் யோசித்தது. நான் பஜ்ஜியைக் கடித்தேன். விட்டுவிட்டது. மறுநாள் ஒரு தம்ளர். நான் சும்மா சொல்லவில்லை, மண்வாசனையும் குளிர்ச்சியுமாக நன்றாகத்தான் இருக்கிறது, இத்தனை நாள் வீண்பழி சுமந்திருக்கிறது பாவம். உடனே உனக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. சரி, இனிமேல் வாயால் சொல்லிப் பயனில்லை, கையை நனைத்துவிட்டே பேசுவோம் என்று போன வாரம் அப்பாவும் நானும் கிளம்பினோம். பக்தவச்சலத்திடம் அப்பா போனில் நாங்க வரலாமா என்று கேட்டதற்கு, வாங்க என்று ஒரே வார்த்தைதான் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையில் கோபம் இருந்ததா இல்லையா என்று செங்கல்பட்டு வரை அப்பாவை நச்சரித்துக்கொண்டே போனேன். அப்பா சட்டைப்பையில் கேரிபேக் ஒன்றை மடித்து வைத்திருந்தார். எதுக்கு என்றேன், ஒரு பாதுகாப்புக்கு என்றார்.

போய் இறங்கினால் அந்த வீட்டை எனக்கு அடையாளமே தெரியவில்லை. வாசலில் மாலை இல்லை. ஜன்னலில் தட்டி இல்லை, வெயில் நேராக உள்ளே விழுகிறது. பாய் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பானை இருந்த இடத்தில் கேன் தண்ணீர். பக்தவச்சலம் வியர்த்து வழிய உட்கார்ந்திருக்கிறார், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது, ஞானம்பாள் அட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறார்கள். ஊதுபத்தி ஏற்றி, தரைக்கு பினாயில் போட்டு, வெட்டிவேர் என்ற ஒன்று உலகத்தில் இருந்ததற்கான அடையாளத்தையே துடைத்திருக்கிறார்கள். வெட்டிவேரை வைத்துப் பிழைக்கிற வீடு சங்கரி அது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, உங்க தட்டியெல்லாம் எங்கங்க என்று கேட்டேன். ஞானம்பாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள், உங்க பொண்ணுதான் போன் பண்ணிச்சு சம்பந்திமா, எங்கம்மா பொய் சொல்றவங்க இல்ல அத்தே, அவங்களுக்கு அது நெஜமாவே ஆகாது, அவங்க திரும்ப வந்தா வெட்டிவேர் கண்ணுலயும் படக்கூடாது, மூக்குலயும் படக்கூடாதுன்னு சொல்லிச்சு, அன்னிக்கு நாந்தான் தெரியாம உங்க மூஞ்சிலயே அடிச்சுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க என்று.

என் போனை எடுக்காத பெண், எனக்காக அங்கே பேசியிருக்கிறாய். என்னிடம் பொய்யா என்று கேட்டுவிட்டு, அவர்களிடம் போய் அம்மா பொய் சொல்லமாட்டாள் என்று சொல்லியிருக்கிறாய். இந்தப் பக்கம் நான் ஒட்டடைக்கோலுக்கு முன்னால் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறேன், அந்தப் பக்கம் அவர்கள் வீட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள், யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பினாயில் நெடி என்று சமாளித்தேன். தட்டிகளை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் மாட்டுக்கொட்டகையில். நாலு பக்கமும் வெட்டிவேர்த் தட்டி சாத்தி, மேலே தண்ணீர் தெளித்து, உள்ளே அந்தப் பசுமாடு ஏசி அறையில் மேனேஜர் மாதிரி கண் சொக்கிப்போய் நிற்கிறது, ஒரு தட்டியில் ஓரத்தைப் பாதி மென்றும் இருக்கிறது. மனிதர்கள் வியர்வையில், மாடு குளிர்ச்சியில்.

நான் கூடத்துக்குத் திரும்பி வந்து, எனக்குப் பானைத்தண்ணிதான் வேணும், வெட்டிவேர் போட்டுக் கொடுங்க என்றேன். பக்தவச்சலம் எழுந்தே நின்றுவிட்டார், வாணாம்மா, எங்களுக்காக உடம்பக் கெடுத்துக்காதீங்க என்றார். ஞானம்பாள் அப்பாவைப் பார்த்தார்கள், அப்பா சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். கடைசியில் பானை வந்தது, தம்ளர் வந்தது, அடியில் வேர் கிடந்தது. எல்லோரும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்க, ஒரே மூச்சில் குடித்துத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். வயிறு கப்சிப். ஆனால் கூடவே வேறொன்று நடந்தது, அதை ரூத் என்னிடம் சொல்லவே இல்லை. வாசனை மூக்கில் ஏறியதும் வாயெல்லாம் எச்சில் ஊறி, தாங்கமுடியாத பசி. என்னை அறியாமல், சம்பந்தி, மொளகா பஜ்ஜி எதுனா கீதா என்று கேட்டுவிட்டேன். மாப்பிள்ளை வீட்டில் பெண்ணைப் பெற்றவள் வாய்விட்டுக் கேட்கிற பொருளா அது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் ஞானம்பாள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. உங்களுக்கு இல்லாததா என்று அடுப்படிக்கு ஓடி, கொல்லையிலிருந்தே மிளகாயைப் பறித்து, சூடாகப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் கை நனைத்தேன் சங்கரி. மணிக்கட்டு வரைக்கும் நனைத்தேன். அப்பாவும் சேர்ந்துகொண்டார், அவர் ஏற்கெனவே நனைத்தவர்தான், இருந்தாலும் பாதிக் கல்யாணத்தை மீதியோடு சேர்க்க வேண்டுமாம். பக்தவச்சலம் மாட்டைக் கொட்டகையில் அப்படியே விட்டுவிட்டு ஒரே ஒரு தட்டியை மட்டும் கொண்டுவந்து ஜன்னலில் மாட்டினார், முதுகுச் சட்டை உலர்ந்த பிறகு காலண்டரைப் பார்த்து, தையில வெச்சுக்கலாமா என்று கேட்டார். வாய் நிறைய பஜ்ஜி இருந்ததால் நான் தலையை ஆட்டினேன்.

இனிமேல் எனக்கு இருக்கிற ஒரே கவலையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு உங்கள் இரண்டு பேருக்கும் தங்கள் கொல்லை வெட்டிவேரிலேயே மாலை கட்ட அவர்கள் ஆசைப்படுகிறார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டு இருப்பேன், எச்சில் விழுங்கிக்கொண்டே இருப்பேன், பார்க்கிறவர்கள் பெண்ணைப் பிரியும் துக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். நீயாவது தப்பாக நினைக்காதே, மேடைக்குப் பின்னால் ஒரு தட்டு பஜ்ஜிக்கு ஏற்பாடு செய்துவிடு. நல்லாயிரு கண்ணு, நீயும் ரோஹித்தும் மழையில் நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். வெளியே சாப்பிட்டால் இறாலின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடு. அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார், நண்டு விஷயத்தை எழுத வேண்டாம் என்றும் சொன்னார், அது முன்னாலேயே எழுதியாகிவிட்டது. கவரில் வைத்திருக்கும் கொத்தை நான்தான் கட்டினேன், ஞானம்பாள் கொடுத்தார்கள், மூக்கைப் பொத்தாமல், பக்கத்தில் பஜ்ஜி இல்லாமல், என் கையாலேயே முடிந்து வைத்தேன். முகர்ந்து பார், பிறகு போனை எடு. நீ கூப்பிடுவாய் என்று தெரிந்தால் நான் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பேன், அதற்கு மேல் என்னால் என்ன தியாகம் செய்ய முடியும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவளும்,
வெட்டிவேருக்கு ஜாமீன் எடுத்தவளுமான
அம்மா துர்காதேவி